கூட்டைவிட்டு வெளியேறாத மூலக்கூறு

1

பிற்பகல் இரண்டு நாற்பது. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், திருவொற்றியூரில் என் தம்பி மோகன் வீட்டு மாடியறை. நேரம் துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்தக் கணத்தில் நான் கைப்பேசியைப் பார்த்து நெதர்லாந்து நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பதினொன்று பத்து. ஆய்வகத்தில் காபி இடைவேளை முடிந்து எல்லாரும் இருக்கைக்குத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஊருக்குப் போனாலும் விடாத பழக்கம் அது.

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன என் மகள் தாரிணி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. "அம்மா, பாத்ரூம் கழுவுற மருந்து மாதிரி ஏதோ ஸ்மெல் வருது" என்றாள்.

ஜன்னலருகே போய் ஒருமுறை மூச்சை இழுத்தேன். அம்மோனியா. இருபத்திரண்டு வருடமாக அந்தப் புட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவளுக்கு இரண்டாவது மூச்சு தேவைப்படவில்லை. மேற்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் குழாய் உடைந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அதன் பின் ஒன்றேகால் மணி நேரம் நானும் தாரிணியும் அந்த அறைக்குள் இருந்தோம். அதை முழுதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வாரம் ஓராண்டு ஆகப்போகிறது.

2

இன்று மாதத்தின் முதல் திங்கட்கிழமை. நெதர்லாந்தில் முதல் திங்களன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்க அபாயச் சங்கு ஊதும். சங்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான ஒத்திகைதான். ஒருவரும் தலையை நிமிர்த்துவதில்லை. வந்த புதிதில் அதைக் கேட்டு நான் காய்கறிப் பையோடு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். தாரிணி அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பக்கத்து வீட்டு அம்மாள் கைப்பிடித்துத் தூக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த ஐம்பது டச்சுச் சொற்களுக்குள் விளக்கினாள். நிஜமாகவே ஊதினால் உள்ளே போ. கதவு, ஜன்னலை மூடு. வானொலியைக் கேள்.

பிறகு தாரிணியின் பள்ளியிலும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள். அவள் ஐந்து வயதில் பொம்மைகளை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, "இப்ப பயமில்ல" என்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பிறந்து வளர்ந்த திருவொற்றியூர்த் தெருவில் எங்களுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ வாசனை வரும், கண் எரியும், அவ்வளவுதான். அப்பா தெருமுனைக்குப் போய்க் கட்சிக் கொடிக் கம்பங்களைப் பார்ப்பார். நான்கு கட்சி, நான்கு கொடி. "ஊர்ல எல்லா கட்சியும் ஒத்துக்கிற ஒரே விசயம் காத்துதாம்மா" என்று சொல்லிவிட்டு, கொடி பறக்கும் திசைக்குக் குறுக்கே எங்களை இட்டுக்கொண்டு போவார். சைக்கிளில் முன்னால் நான், பின்னால் அம்மா மடியில் மோகன்.

ஆலையில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு வேதியியல் தெரியாது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அந்த மதியம் கொடியைப் பார்க்கத் தோன்றவில்லை.

3

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் குழு மூலக்கூறுக் கூடுகள் செய்கிறது. உலோக அயனிகளையும் அவற்றுக்கு ஏற்றபடி வளைந்த கரிம மூலக்கூறுகளையும் சரியான அளவில் ஒரு குடுவையில் சேர்த்தால், யாரும் கோக்காமலே அவை தாமாகக் கூடி ஒரு கூண்டாக நின்றுவிடும். நடுவில் ஒரு பொந்து. வெளியே கரைசலில் அலைந்து மணிக்கணக்கில் சந்தித்துக்கொள்ளாத இரண்டு சிறு மூலக்கூறுகள் அந்தப் பொந்துக்குள் நுழைந்தால், இடநெருக்கடியில் முகத்துக்கு முகம் நின்று, உடனே இணைந்து ஒன்றாகிவிடும். பொந்து செய்ய இன்னொரு வழியும் உண்டு. ஒரு மூலக்கூறை அச்சாக வைத்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக்கை இறுகவிட்டு, பிறகு அச்சைக் கழுவி எடுத்துவிட வேண்டும். அதன் வடிவத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும்.

முனைவர் படிப்பில் முதல் இரண்டு வருடம் நான் அந்தப் பள்ளங்களோடுதான் மல்லுக்கட்டினேன். எனக்கு எந்தப் பொருள் உருவாக வேண்டுமோ, அதன் வடிவத்திலேயே அச்சு வைத்தேன். அதற்கென்றே அளவெடுத்த இடத்தில் அது நன்றாக உருவாகும் என்பது என் கணக்கு. உருவாகவும் செய்தது, பள்ளத்துக்கு ஒன்று. அத்தோடு நின்றுவிட்டது. உருவான பொருள் அந்த இடம் தனக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் வெளியே வரவில்லை. அது வெளியேறினால்தான் அடுத்த ஜோடி உள்ளே வரமுடியும். பேராசிரியர் என் வரைபடத்தில் கிடையாகப் படுத்திருந்த கோட்டைப் பார்த்தார். "இது வினையூக்கி இல்லை. கிடங்கு" என்றார்.

சரியான அச்சு வேறு. பழையது முழுதாக அழியாமலும் புதியது முழுதாகப் பிறக்காமலும் ஒரு நொடியின் துணுக்கில் வந்து போகும் இடைநிலை இருக்கிறதே, அதன் சாயலில் பள்ளம் இருக்க வேண்டும். அப்போது உருவாகி முடித்த பொருளுக்கு அந்த இடம் சற்றே பொருந்தாமல் போகும். அந்தப் பொருந்தாமைதான் அதை வெளியே தள்ளும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

திருவொற்றியூரில் எதிர்வீட்டு ரஷீதாவுக்கு அரை நிமிடம் பிடித்தது. அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது வீட்டு முன்னறையில் டிபன் கடை வைத்திருக்கிறாள். அந்தப் பயணத்தில், வாயு கசிவதற்கு மூன்று நாள் முன்பு, அவள் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"இன்னாடி வேல அங்க? மாத்திர கம்பெனியா?"

"இல்லடி. சின்னச் சின்னதா கூடு செய்யறோம். உள்ள ரெண்டு பொருள் போய் ஒண்ணா சேரும்."

"இட்லித் தட்டு மாதிரி."

"அப்படியே வெச்சுக்க. ஆனா வெந்ததுக்கு அப்புறம் இட்லி வெளிய வரமாட்டேங்குது. அதுதான் பிரச்சினை."

"துணி போட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் விடவில்லை. "இதுக்கா இத்தினி வருசமா வெள்ளக்காரன் உனக்கு சம்பளம் குடுக்கறான்? என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே! ஏய் தாரிணி, உங்கம்மாவுக்கு ரெண்டு இட்லி வையி, துணி போட்டு வார்த்தது."

தாரிணி பாதி புரிந்து முழுதாகச் சிரித்தாள். அவள் தமிழ் வீட்டுத் தமிழ். ரஷீதாவின் 'கீது', 'வூடு' எல்லாம் அவளுக்கு மூன்றாவது மொழி. ஆனால் அந்தப் பயணம் முழுக்க அவள் என் பக்கத்தில் இருந்ததைவிட அந்தக் கடையில் இருந்த நேரம்தான் அதிகம்.

4

இனி அந்த அறை.

நாங்கள் வருகிறோம் என்று மோகன் ஏசி வைத்திருந்தான். குளிர் வெளியே போகாமலிருக்க, மேலே இருந்த இரண்டு காற்றுத் துளைகளையும் தெர்மாகோல் வைத்து அடைத்துப் பழுப்பு டேப்பால் ஒட்டியிருந்தான். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். மோகன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.

வாசனை வந்த சில நிமிடங்களில் தெருவில் கூச்சல். கீழே ரஷீதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து கத்தினாள்.

"தேவி! ஏய் தேவி! காஸு வுட்டுட்டானுங்கடி! புள்ளைய இட்டுகினு எறங்கு! காத்து மேக்காலேந்து வருது, தெக்க காசிமேட்டாண்ட போயிடலாம். ஆட்டோ நிக்குது பாரு!"

"வெளிய போகாத ரஷீதா! உள்ள போய் ஜன்னலெல்லாம் மூடு!"

"இன்னாது, மூடறதா? லூசாடி நீ? எறங்குடின்னா!"

தாரிணி ஏற்கெனவே செருப்பை மாட்டிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தினேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. திறந்த ஆட்டோவில், எங்கே எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரியாத சாலையில், அவளைக் கொண்டுபோக என்னால் முடியாது என்று நினைத்தேன். ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

துண்டுகளை நனைத்துக் கதவின் கீழ் இடுக்கில் திணித்தேன். அம்மோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணி சரிதான். திரையை இழுத்து ஜன்னல் விளிம்புகளில் டேப் ஒட்டினேன். குளியலறைத் துளையை வாளி மூடியால் அடைத்தேன். ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலச் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வாசனை வந்ததற்கும் நான் மூடியதற்கும் நடுவே பத்து நிமிடம் ஜன்னல் திறந்துதான் இருந்தது. மூடும்போதே வாயு எங்களோடு உள்ளே இருந்தது.

மின்சாரம் போயிற்று. மோகனுக்கு நாலாவது முயற்சியில் அழைப்பு கிடைத்தது.

"அக்கா, ஹார்பர் கேட்டாண்ட மாட்டிகினேன். முன்னாடி ட்ரெய்லரு, பின்னாடி ட்ரெய்லரு, ஒண்ணும் நவுரல. நீ ரஷீதாக்கா கூடப் போயிருக்க வேண்டிதானே?"

"உள்ள இருக்கோம்டா. எல்லாம் மூடிட்டேன்."

"எல்லாமேவா?" என்றான். இணைப்பு அறுந்தது.

5

வாயு விஷயம் முடிந்து மூன்று நாள் தாரிணி அரசு மருத்துவமனையில் இருந்தாள். மேலும் இரண்டு வாரம் விமானம் ஏறக்கூடாது என்றார்கள். நாங்கள் நெதர்லாந்து திரும்பியபோது பள்ளி திறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. இந்த நாட்டில் விடுமுறை முடிந்தும் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அதை விசாரிக்க நகராட்சியில் தனி அதிகாரி உண்டு. கடிதம் வந்தது. போனோம்.

கனிவான இளம்பெண். மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டை உயர்த்திப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். முத்திரை பாதி விழுந்திருந்தது. நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் வழக்கப்படி தந்தை பெயர். அது கடவுச்சீட்டில் உள்ள குடும்பப் பெயரோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கடவுச்சீட்டில் இருப்பது என் மாமனாரின் பெயர், இங்கே வந்தபிறகு கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று அவர்களே எழுதியது என்று விளக்கினேன். இத்தனை வருடத்தில் எனக்கு மனப்பாடமான வாக்கியம். பதற்றத்தில் டச்சு மொழியில் 'வாயு கசிந்தது' என்பதற்குப் பதில் 'வாயு சொட்டியது' என்று சொல்லிவிட்டேன். தாரிணி மெல்லத் திருத்தினாள்.

கடைசியாக அந்தப் பெண் கேட்டாள். "நீங்கள் உள்ளே போய்க் கதவு, ஜன்னலை மூடவில்லையா?"

"அதைத்தான் செய்தோம்."

"அப்படியென்றால் நீங்கள் செய்ததெல்லாம் சரி, அம்மா" என்று சொல்லி ஒரு கட்டத்தில் குறியிட்டாள்.

தாரிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லியிருக்கலாம். மேசைமேல் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

அவள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

மூன்று இருபது இருக்கும். சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டியது. கண்ணீர் தானாக ஓடியது. அவள் இன்ஹேலரை இரண்டாவது முறை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, வெளிய இருந்ததவிட உள்ளதான் ஜாஸ்தியா இருக்கு. ஜன்னல திற."

"மூக்கு ஏமாத்தும்டா. அப்படித்தான் தெரியும்."

இது பொய். மூக்கு பழகிப்போனால் வாசனை குறைந்துதான் தெரியும், கூடித் தெரியாது. என் மாணவர்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் எழுந்து கதவை நோக்கிப் போனாள். நான் முந்திக்கொண்டு பூட்டைத் திருப்பிச் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

சாவிக்காக அவள் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நகம் பட்டு என் மணிக்கட்டில் இரத்தம் வந்தது. "என்னை வெளியே விடு" என்றாள். அதை டச்சு மொழியில் சொன்னாள். வீட்டில் என்னிடம் அவள் ஒருநாளும் டச்சு பேசியதில்லை. அது எங்களுக்குள் இருந்த ஒரே கண்டிப்பான விதி. நான் தமிழில், "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். அதன் பிறகு பேச மூச்சில்லை.

தரையில் சரிந்து கதவடியில் முகத்தை வைத்தாள். நான் திணித்திருந்த துண்டை உருவி எடுத்து, அந்த இடுக்கில் வாயை வைத்து இழுத்தாள். வெளிக்காற்று அங்கே வந்துகொண்டிருந்தது. அவள் உடம்பு கண்டுபிடித்துவிட்டது. நான் துண்டை வாங்கி மறுபடி திணித்தேன். அவள் எடுத்தாள். நான் திணித்தேன். மூன்றாவது முறை அவள் எடுக்கவில்லை.

ஆய்வகத்தில் ஒரு கருவி இருக்கிறது. கரைசலுக்குள் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் தாளில் ஒரு கோடாக விழும். வெளியே சுதந்திரமாக இருப்பவை வழக்கமான இடத்தில் விழும். கூட்டுக்குள் அடைபட்டவற்றின் கோடு மட்டும் நகர்ந்து, சிலசமயம் பூச்சியத்தையும் தாண்டி, வேறெதுவும் இல்லாத வெற்றுத்தாளில் தனியாக நிற்கும். அதைக் கண்டதும் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுவேன். எந்தக் கூட்டத்திலும் அந்தக் கோட்டை முதலில் காட்டுகிறவள் நான்தான். அன்று தாரிணி என் கண்ணெதிரே உதடு நிறம் மாறிக் கிடந்தாள். அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்றையும் மறந்திருந்தேன். ஆகஸ்ட் மாதத்தில் அந்தக் கரையில் காலையெல்லாம் மேல்காற்றுதான். மூன்று மணி வாக்கில் கடற்காற்று ஏறும். பள்ளிவிட்டு வரும்போது பாவாடை எதிர்ப்பக்கம் திரும்பி அடித்தால் மணி மூன்றைத் தாண்டிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் அந்தக் காற்றில் வளர்ந்தேன். திரையை ஒரு விரல் அகலம் விலக்கியிருந்தால் தெருமுனையில் நான்கு கொடிகளும் தெரிந்திருக்கும்.

7

மேசைமேல் ஒரு படிவம் ஒன்பது நாளாகக் கிடக்கிறது. தாரிணிக்கு வடக்கே வேறொரு நகரில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. ரயிலில் இரண்டரை மணி நேரம். ஐந்து பேர் தங்கும் வீட்டில் ஒரு சிறிய அறை. பெற்றோரில் ஒருவர் உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும். கணவர், "நீயே போடு" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் அந்த வீட்டின் ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கும், அருகில் மருத்துவமனை உண்டா, கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று வரிசையாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவள் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். "அம்மா, கையெழுத்து போடலேன்னா பரவாயில்ல. நான் இங்கேயே படிக்கிறேன். வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம்." கோபமே இல்லாத குரல். இரண்டு முறை இழுத்த துண்டை மூன்றாவது முறை இழுக்காமல் விட்ட பிள்ளையின் குரல் அது.

இன்று பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஆய்வகத்தில் யாரும் நிமிரவில்லை. நான் குடுவையை மூடி வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அவள் காலணி அலமாரிமேல், வெளியே போகும்போது கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். அவள் வருவதற்குள் இதையும் எழுதி முடிக்க வேண்டும்.

அன்று மூன்று ஐம்பத்தைந்துக்கு மோகன் வீட்டு மாடிப்படியில் காலடி கேட்டது. பிறகு கதவில் அடி. கையால் முதலில், பிறகு ஏதோ இரும்பால். மோகன் கன்டெய்னர் வரிசையிலிருந்தே ரஷீதாவுக்கு விடாமல் அழைத்திருக்கிறான். அவள் காசிமேட்டிலிருந்து அதே ஆட்டோவில் திரும்பி வந்திருந்தாள்.

"தேவி! தொறடி! உள்ளதானே கீறே? தொற!"

என் கை சாவியை விட மறுத்தது. விரல்களை இன்னொரு கையால் பிரிக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் ரஷீதா ஒரு அடி பின்வாங்கி முகத்தைத் திருப்பி இருமினாள். கையில் தோசைத் திருப்பி. அவளுக்குப் பின்னால் படிக்கட்டு ஜன்னலில் கொடிகள் மேற்கே பறந்துகொண்டிருந்தன. உப்பு வாசனையோடு காற்று என் முகத்தில் அடித்தது. நான் அப்போதும் தாரிணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டி, கடக்காத்து வந்து முக்கா அவரு ஆச்சு. ஊரே திரும்பி வந்து டீ குடிச்சினு கீது. காஸு உன் ரூம்ல மட்டுந்தாண்டி கீது" என்றாள் ரஷீதா. குனிந்து என் கைகளைப் பிடித்தாள். "வுடுடி. புள்ளைய வுடு."